‘சொல்ல முடியாது’ என்பதும் ஒரு விடை: சிறுவர் வகுப்பில் தர்க்கச் சிந்தனையைக் கற்பித்த அனுபவம்

ஆறு முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் தர்க்கச் சிந்தனையைத் தனியாகக் கற்பிக்க வேண்டுமா என்று கேட்பவர்களில் பெரும்பாலோர், அது கணக்குப் பாடத்தோடு தானாகவே வந்துவிடும் என்று நம்புகிறார்கள். மற்றவர்கள் ஒரு புதிர்ப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்தால் போதும் என்று கருதுகிறார்கள். தொடக்க வகுப்புகளில் வாரம் ஒரு பாடவேளையை இதற்கென்றே ஒதுக்கிப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறவள் என்ற முறையில், இரண்டுமே போதாது என்பது என் கருத்து. இந்த வயதுக் குழந்தைகளுக்கு ஊகிக்கத் தெரியாது என்று சொல்லவே முடியாது. சொல்லப்போனால் தேவைக்கு மேலேயே ஊகிக்கிறார்கள். கையில் இருக்கும் தகவலிலிருந்து கட்டாயமாகப் பெறப்படுவது எது, இருக்கலாம் என்ற அளவில் மட்டும் சொல்லத்தக்கது எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம்தான் அவர்களுக்கு இன்னும் வந்திருக்காது. ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டு விடைகளோடு, ‘இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது’ என்ற மூன்றாவது விடையும் உண்டு என்பதை ஒரு குழந்தை ஏற்றுக்கொண்டுவிட்டால், மற்றவற்றைக் கற்பிப்பது பெரிதும் எளிதாகிவிடுகிறது.

நான் பயன்படுத்தும் பொருள்கள் மிகக் குறைவு. ஹங்கேரியில் பிறந்த கணிதக் கல்வியாளர் ஜோல்டன் டீன்ஸ் பரவலாக்கிய தர்க்கக் கட்டைகளின் தொகுப்பில் 48 துண்டுகள் உண்டு: 4 வடிவங்கள், 3 நிறங்கள், 2 அளவுகள், 2 தடிமன்கள் என்ற எல்லாச் சேர்க்கைக்கும் ஒரு துண்டு. தடிமனை விட்டுவிட்டு வண்ண அட்டையில் வெட்டிக்கொண்டால் 24 அட்டைகள் போதும். எந்த அட்டையும் மற்றொன்றைப் போல இருக்காது, எந்தச் சேர்க்கையும் விடுபட்டிருக்காது என்பதுதான் இந்தத் தொகுப்பின் முழுப் பயனும். ஓர் அட்டையை ஒளித்துவைத்துவிட்டு ‘எது காணவில்லை?’ என்று கேட்டால், முதலில் எல்லாரும் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். சிறிது நேரம் பொறுத்திருந்தால், யாராவது ஒரு குழந்தை நிறத்துக்கு ஒரு வரிசையாக அட்டைகளை அடுக்கத் தொடங்கும். பிறகு ஒவ்வொரு வரிசையிலும் வடிவங்களை ஒரே ஒழுங்கில் வைக்கும். பச்சை வரிசையில் ஓர் இடம் காலியாகத் தெரியும்போது, பார்க்காத ஓர் அட்டையின் நிறம், வடிவம், அளவு மூன்றையும் அது உறுதியாகச் சொல்லும். பார்க்காததைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச முடியும் என்பது அந்த வயதில் பெரிய வியப்பு. இதை ஆசிரியர் அடுக்கிக் காட்டிவிடக் கூடாது என்பது மட்டும்தான் இங்கே விதி.

அதே அட்டைகளில் 6 வட்டங்களையும் 2 முக்கோணங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, ‘வட்டங்கள் அதிகமா, அட்டைகள் அதிகமா?’ என்று கேட்டுப் பாருங்கள். முதல் வகுப்பில் பலரும் ‘வட்டங்கள்’ என்பார்கள். ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே விரிவாக ஆராய்ந்த பிழை இது. பகுதியை முழுமையோடு ஒப்பிடச் சொன்னால், குழந்தை பகுதியை மீதியோடு ஒப்பிட்டு விடுகிறது. ‘நன்றாக எண்ணிப் பார்’ என்று சொல்வதால் எந்தப் பயனும் இல்லை. எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும். வட்டங்களைச் சுற்றி ஒரு நூல் வளையமும், எல்லா அட்டைகளையும் சுற்றி இன்னொரு பெரிய வளையமும் போடச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் கையை வைத்துக்காட்டச் சொன்னால் விஷயம் தெளிவாகிறது. ஆங்கிலேயத் தர்க்கவியலாளர் ஜான் வென் 1880-இல் எழுதிய கட்டுரையின் வழியாகப் புகழ்பெற்ற வளையப் படங்களை இந்த வயதுக்கு அறிமுகப்படுத்தத் தாளைவிடத் தரையும் நூலும் ஏற்றவை. ஒரே அட்டை இரண்டு வளையங்களுக்குள்ளும் இருக்கலாம் என்பதை உடலால் குனிந்து வைத்துப் பார்த்த குழந்தைக்கு, பிறகு தாளில் வரைந்த படம் புதிராகத் தெரிவதில்லை.

மூன்றாவது விடையைக் கொண்டுவருவதற்கு நான் நம்பியிருப்பது ஒரு மூடிய பெட்டியை. அதற்குள் சிவப்பு முக்கோணங்கள், சிவப்பு வட்டங்கள், நீலச் சதுரங்கள் எல்லாம் கலந்திருக்கும். என்ன இருக்கிறது என்று குழந்தைகளுக்குச் சொல்வதில்லை. ‘இந்தப் பெட்டியில் உள்ள முக்கோணங்கள் எல்லாமே சிவப்பு’ என்ற ஒரே ஒரு செய்தியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அது உண்மை என்று உறுதி கூறுவேன். ஒவ்வொரு குழந்தையிடமும் ‘ஆம்’, ‘இல்லை’, ‘சொல்ல முடியாது’ என்று எழுதிய மூன்று சீட்டுகள் இருக்கும். கையைப் பெட்டிக்குள் விட்டு ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பேன். ‘என் கையில் இருப்பது முக்கோணம். இது சிவப்பா?’ என்ற கேள்வி எளிது. ‘என் கையில் இருப்பது நீலம். இது முக்கோணமா?’ என்பது கொஞ்சம் கடினம். ஆனாலும் உறுதியாக ‘இல்லை’ என்று சொல்ல முடிகிற கேள்வி. ‘என் கையில் இருப்பது சிவப்பு. இது முக்கோணமா?’ என்று கேட்கும்போதுதான் வகுப்பு முழுவதும் ‘ஆம்’ சீட்டைத் தூக்கும். நான் வெளியே எடுப்பது சிவப்பு வட்டமாக இருக்கும். ‘ஏமாத்திட்டீங்க டீச்சர்’ என்று ஒரு கூச்சல் எழும்; கரும்பலகையில் உள்ளதை மறுபடி படிக்கச் சொல்வதைத் தவிர வேறு எதுவும் நான் சொல்வதில்லை.

இதற்கு அடுத்த கட்டம் கவனமாகக் கையாள வேண்டியது. இப்படி ஏமாந்த குழந்தைகள் பிறகு எல்லாக் கேள்விக்கும் ‘சொல்ல முடியாது’ சீட்டையே தூக்கத் தொடங்குவார்கள், ஏனெனில் அது பாதுகாப்பானது. விடை தெரியாதவரும் யோசிக்க விரும்பாதவரும் ஒளிந்துகொள்ளும் இடமாக அந்தச் சீட்டு மாறிவிட்டால், பாடவேளை முழுவதும் வீண். அதனால் ஒரு நிபந்தனையை வைத்திருக்கிறேன்: ‘சொல்ல முடியாது’ என்பவர் இரண்டு கதை சொல்ல வேண்டும். கொடுத்த செய்தி பொய்யாகாமல் விடை ‘ஆம்’ என்று வரக்கூடிய ஒரு கதை; அதே செய்தி பொய்யாகாமல் விடை ‘இல்லை’ என்று வரக்கூடிய மற்றொரு கதை. இரண்டில் ஒன்றைச் சொல்ல இயலாவிட்டால் சீட்டைக் கீழே வைத்துவிட வேண்டும். இந்த நிபந்தனைக்குப் பிறகு மூன்று விடைகளில் அதிக உழைப்பைக் கேட்பது ‘சொல்ல முடியாது’ என்றாகிவிடுகிறது. சோம்பலுக்காக அதைத் தூக்குகிறவர்கள் தாமாகவே குறைந்துவிடுகிறார்கள். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சிவப்பு அட்டைக்கு இப்படி விளக்கம் சொன்னாள்: “அது முக்கோணமா இருந்தாலும் நீங்க எழுதினது பொய் இல்ல டீச்சர், வட்டமா இருந்தாலும் பொய் இல்ல.” தர்க்க நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் கருத்து அந்த ஒரு வாக்கியத்தில் முழுமையாக இருந்தது, அதற்கு மேல் நான் விளக்கியிருந்தால் கெடுத்திருப்பேன்.

‘முக்கோணங்கள் எல்லாமே சிவப்பு’ என்பதைச் ‘சிவப்பு எல்லாமே முக்கோணம்’ என்று திருப்பிப் போடும் இந்தப் பழக்கம் குழந்தைகளோடு நின்றுவிடுவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நெருப்பில்லாமல் புகையாது என்பதை ஏற்றுக்கொண்டு, அதே மூச்சில் நெருப்பிருந்தால் புகையும் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிற பெரியவர்கள் நிறைய உண்டு. நியாயம் என்ற பழைய இந்தியத் தர்க்க மரபின் நூலார் இதை மறுக்கப் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டைக் காட்டினார்கள்: அங்கே நெருப்பு உண்டு, புகை இல்லை. உளவியலாளர் பீட்டர் வேசன் 1966-இல் வெளியிட்ட நான்கு அட்டைச் சோதனையில், ஒரு பக்கம் எழுத்தும் மறுபக்கம் எண்ணும் உள்ள அட்டைகளைப் பற்றிய ஒரு விதியைச் சரிபார்க்க எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும் என்ற கேள்விக்கு, பெரியவர்களிலேயே மிகச் சிலர்தான் சரியாக விடை சொன்னார்கள். ஏழு வயதுக் குழந்தை தடுமாறுவதைப் பார்த்துக் கவலைப்படும் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அதே சோதனையை யாரோ ஒருவர் மீறக்கூடிய விதியாக மாற்றிக் கொடுத்தால் குழந்தைகளின் தடுமாற்றம் பெருமளவு மறைந்துவிடுகிறது. ‘வெயிலில் விளையாடப் போகிறவர் தொப்பி அணிந்திருக்க வேண்டும்’ என்று ஒரு விதியைச் சொல்லிவிட்டு நான்கு பேரைப் படமாக வரைந்துவிடுவேன்: தொப்பி போட்ட ஒருவர், தொப்பி போடாத ஒருவர், வெளியே போகும் ஒருவர், உள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஒருவர். முதல் இருவர் எங்கே போகிறார்கள் என்பது தெரியாது. மற்ற இருவரின் தலை மறைந்திருக்கும். யார் யாரைச் சோதிக்க வேண்டும் என்று கேட்டால், தொப்பி போடாதவரையும் வெளியே போகிறவரையும்தான் என்று மிகச் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். தொப்பி போட்டவரைச் சோதிக்க வேண்டாமா என்று வேண்டுமென்றே கேட்டாலும், ‘அவன் எங்க போனா என்ன?’ என்று பதில் வருகிறது. இத்தகைய விதிகளை மீறுகிறவர் யார் என்பதை 3, 4 வயதுக் குழந்தைகளே அடையாளம் காட்டுகிறார்கள் என்று பால் ஹாரிஸும் அவருடைய சக ஆய்வாளரும் 1996-இல் காட்டியிருக்கிறார்கள். எனவே என் வகுப்பில் தொப்பி முதலில், பெட்டி பிறகு. இரண்டுக்கும் உள்ள ஒற்றுமையை நானாகச் சுட்டிக்காட்டுவதில்லை. மூன்றாம் வகுப்பில் ஒருசிலர் கண்டுபிடித்துவிடுகிறார்கள், மற்றவர்கள் கண்டுபிடிக்காததால் எதுவும் கெட்டுப்போவதில்லை.

குழந்தைகள் தாம் அறிந்த உலகத்தை விட்டுவிட்டுப் பேச மறுப்பது இன்னொரு தடை. ‘எல்லாப் பூனைகளும் குரைக்கும், இது ஒரு பூனை, இது குரைக்குமா?’ என்று சாதாரணக் குரலில் கேட்டால், ‘பூனை குரைக்காது டீச்சர்’ என்று திருத்துவார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் கேட்ட கேள்வி வேறு. இதையே கதை சொல்லும் குரலில், வேறொரு கிரகத்துக்குப் போயிருக்கிறோம், அங்கே பூனைகள் எல்லாம் குரைக்கும் என்று தொடங்கினால், உடனே சரியாக விடை சொல்கிறார்கள். டயஸ் என்பவரும் மேலே சொன்ன ஹாரிஸும் 1988-இல் வெளியிட்ட ஆய்வு, கற்பனைச் சூழலில் வைத்துக் கேட்டால் 4 முதல் 6 வயதுக் குழந்தைகள்கூட இத்தகைய கேள்விகளைச் சமாளிப்பதைக் காட்டியது. நான் இதில் சேர்த்துக்கொண்டது ஒரே ஒரு சடங்கு: கிரகத்துக்குப் போகும்போது எல்லாரும் எழுந்து நிற்பார்கள், திரும்பி வந்ததும் உட்காருவார்கள். உண்மை எது என்பதும், சொன்னதிலிருந்து பெறப்படுவது எது என்பதும் வேறு வேறு என்று விரிவுரை செய்யாமலேயே இது பழகிவிடுகிறது. ‘நிற்கும்போது பூனை குரைக்கும், உட்கார்ந்தா குரைக்காது’ என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

வரிசைப்படுத்தும் கணக்குகளில் குழந்தைகள் தவறுவதற்குப் பெரும்பாலும் நினைவாற்றல்தான் காரணம். பிரயன்ட், டிரபாசோ என்ற ஆய்வாளர்கள் 1971-இல், இணை இணையாகக் கொடுத்த ஒப்பீடுகளை நன்றாக நினைவில் பதியவைத்த பிறகு கேட்டால் 4 வயதுக் குழந்தைகளும் அவற்றைத் தொடர்புபடுத்தி முடிவுக்கு வருகிறார்கள் என்று காட்டினார்கள். ஆகவே இத்தகைய கேள்விகளை வாய்மொழியாக மட்டும் கேட்பதை நான் விட்டுவிட்டேன். ஒவ்வொரு ஒப்பீட்டையும் இரண்டு கோடுகளாக வரைந்து கண்முன் வைத்துவிடுவேன். கீதா ராமுவைவிட உயரம், ராமு மாலாவைவிட உயரம் என்றால் கீதாவுக்கும் மாலாவுக்கும் விடை கிடைக்கும். கீதா ராமுவைவிட உயரம், கீதா மாலாவைவிடவும் உயரம் என்றால் ராமுவுக்கும் மாலாவுக்கும் விடை கிடைக்காது. இரண்டாவது வகைக் கேள்வி பாடநூல்களில் ஏறக்குறைய வருவதே இல்லை. கேள்வி என்று ஒன்று இருந்தால் விடை என்று ஒன்று இருந்தே தீரும் என்று குழந்தைகள் எண்ணுவதில் வியப்பில்லை. இங்கும் இரண்டு கதை நிபந்தனை உண்டு: ராமு உயரமாக ஒரு படம், மாலா உயரமாக ஒரு படம்.

நான் நினைத்துக்கொண்ட அட்டையைக் கேள்விகள் கேட்டுக் கண்டுபிடிக்கும் விளையாட்டைப் பலரும் ஆடியிருப்பார்கள். மோஷர், ஹார்ன்ஸ்பி என்ற ஆய்வாளர்கள் 1966-இல் எழுதியபடி, 6 வயதுக் குழந்தைகள் ‘இதுவா? அதுவா?’ என்று ஒவ்வொன்றாகக் குறிவைக்கிறார்கள்; வயது கூடக்கூடத்தான் தொகுதியைச் சுருக்கும் கேள்விகள் வருகின்றன. இதைக் கற்பிக்க முடியும். கேள்வியைக் கேட்டவுடன் நான் விடை சொல்வதில்லை. ‘ஆம்’ என்றால் எத்தனை அட்டைகள் மிஞ்சும், ‘இல்லை’ என்றால் எத்தனை மிஞ்சும் என்று முதலில் எண்ணிச் சொல்ல வேண்டும். ‘இந்தச் சிறிய நீல வட்டமா?’ என்று கேட்டவர், ‘இல்லை’ என்றால் 23 மிஞ்சும் என்று தானே எண்ணிச் சொன்ன பிறகு, அடுத்த முறை ‘பெரியதா?’ என்று கேட்கிறார். ஒழுங்காகக் கேட்டால் 24 அட்டைகளுக்கு 5 கேள்விகள் போதும்: அளவுக்கு ஒன்று, வடிவத்துக்கு இரண்டு, நிறத்துக்கு அதிகபட்சம் இரண்டு. ஒரு சிறு எச்சரிக்கை: ‘வட்டமா சதுரமா?’ என்று கேட்டால் அது இரண்டில் ஒன்றைச் சொல்லும்படி கேட்பதாகிவிடும். ‘வட்டம், சதுரம் இரண்டில் ஒன்றா?’ என்று கேட்கப் பழக்கினால்தான் ‘ஆம்’, ‘இல்லை’ என்ற விடைகளுக்குள் விளையாட்டு நிற்கும்.

மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகு, கண்டுபிடிப்பதற்கான சோதனையை வடிவமைக்கும் கேள்வி ஒன்றைத் தருவேன். பியாட்டே சோடியனும் சக ஆய்வாளர்களும் 1991-இல் பயன்படுத்திய எலிக் கேள்வி அது. வீட்டுக்குள் இரவில் வரும் எலி பெரியதா சிறியதா என்று தெரியவில்லை. வாசல் பெரிதாக உள்ள பெட்டி ஒன்று, வாசல் சிறிதாக உள்ள பெட்டி ஒன்று. எதில் உணவை வைத்தால் எலியின் அளவைக் கண்டுபிடிக்கலாம்? பெரிய வாசல் உள்ள பெட்டியைச் சொல்பவர்கள் எலிக்குச் சாப்பாடு கிடைக்க வேண்டும் என்று நினைப்பவர்கள். ‘காலையில் உணவு காணாமல் போயிருந்தால் என்ன தெரியும்? அப்படியே இருந்தால் என்ன தெரியும்?’ என்ற இரண்டு கேள்விகளையும் இரண்டு பெட்டிகளுக்கும் கேட்கச் சொன்னால், எந்த எலியும் தின்றுவிடக்கூடிய பெட்டியிலிருந்து எதுவும் தெரியவராது என்பது புலப்படுகிறது. ஒரு பையன் மட்டும், பெரிய எலியாக இருந்தால் அதற்குப் பசிக்குமே என்று கடைசிவரை சமாதானம் ஆகவில்லை. சோதனை முடிந்ததும் அதற்குத் தனியாக உணவு வைப்பதாக முடிவு செய்துவிட்டு மேலே சென்றோம்.

இவ்வளவுக்கும் அடிப்படையாக இருப்பது ஆசிரியர் கேட்கும் முறை. ‘எப்படித் தெரியும்?’ என்ற கேள்வியைத் தவறான விடைக்கு மட்டும் கேட்டால், குழந்தைகள் அதைத் ‘தவறு’ என்பதற்கான அடையாளமாக எடுத்துக்கொண்டு, கேட்டவுடன் விடையை மாற்றிவிடுகிறார்கள். சரியான விடைக்கும் அதே குரலில், அதே முகத்தோடு கேட்க வேண்டும். கேட்ட பிறகு காத்திருக்கவும் வேண்டும். ஆசிரியர்கள் கேள்விக்குப் பிறகு சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை 3 நொடிக்கு மேல் நீட்டினாலே குழந்தைகளின் விடைகள் நீள்கின்றன, காரணங்களோடு வருகின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் காட்டினார். மூன்று நொடி மௌனம் வகுப்பறையில் எவ்வளவு நீளமானது என்பது நின்று பார்த்தால்தான் தெரியும். நான் மனத்துக்குள் எண்ணிக்கொள்கிறேன்.

புதிர்களைப் பற்றியும் கேட்பார்கள். வரிசைக்கு 4 கட்டம் உள்ள சிறிய சுடோகு நல்லதுதான். ஆனால் ‘இங்கே ஏன் 3 வர முடியாது?’ என்று வாய்விட்டுச் சொல்லவைக்காவிட்டால், குழந்தை சுடோகு போடுவதில் தேர்ச்சி பெறுகிறதே தவிர வேறெங்கும் அது கைகொடுப்பதை நான் பார்த்ததில்லை. புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஆற்றைக் கடத்தும் புதிரில் மட்டும் பார்க்கத்தக்க ஒரு தருணம் உண்டு: 7 முறை கடக்க வேண்டிய அந்த வழியில், அக்கரையில் கொண்டுபோய் விட்ட ஆட்டைத் திருப்பிக் கூட்டிவர வேண்டிய இடம். ஏற்கெனவே முடித்துவிட்ட வேலையைக் கலைப்பதாகத் தோன்றுவதால் குழந்தைகள் அதை மறுக்கிறார்கள். பொம்மைகளைக் கையில் கொடுத்து ஒவ்வொரு கடப்பையும் படமாக வரையச் சொன்னால், சிக்கிக்கொண்ட இடத்தைத் தாங்களே கண்டு அங்கிருந்து வேறு வழி பார்க்கிறார்கள்.

கற்றுக்கொண்டார்களா என்பதை அந்தப் பாடவேளைக்குள் சோதித்துப் பயனில்லை. சீட்டைக் கண்டதுமே உஷாராகிவிடுவார்கள். சில வாரம் கழித்து, கணக்குப் பாடத்தின் நடுவே, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரு கேள்வியைச் சேர்த்துவிடுவேன். பிரான்சின் கிரெனோபிள் நகரக் கணிதக் கல்வி ஆய்வு நிறுவனம் 1979-80 வாக்கில் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளிடம் கேட்ட கேள்வி இதற்கு இன்றும் பொருத்தமானது: ‘ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன?’ கேட்கப்பட்ட 97 குழந்தைகளில் 76 பேர் இரண்டு எண்களையும் வைத்து ஒரு வயதைக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். என் வகுப்பிலும் 36 என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், குறிப்பாக அதற்கு முன் வரிசையாகக் கூட்டல் கணக்குகள் வந்திருந்தால். எழுதாமல் விட்டவர்களையும் நான் தேர்ந்தவர்களாகக் கொள்வதில்லை. ‘சொல்ல முடியாது’ என்று எழுதி, அதன் கீழே 40 வயதுத் தலைவர் ஒருவரையும் 50 வயதுத் தலைவர் ஒருவரையும் அதே ஆடுகளோடு வரைந்து வைத்திருப்பவர்களின் பெயரை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறேன். மற்றவர்களுக்கு அடுத்த வாரம் பெட்டியிலிருந்து மறுபடி தொடங்குகிறோம்.